அக்காவின் மகளுக்கு நான் போட்ட புள்ளடி

எங்கள் மார்க்கம் நகரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்து, வீட்டு வாசலில் பந்து தட்டத் தொடங்கினால், பெற்றோர் எனக்கு ஃபோன் எடுப்பார்கள். என்னுடைய அக்காவின் மகள் அவுஸ்திரேலியாவில் முதல்தரத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடுகிறாள். அதற்கு முன்னர் ஐந்து மாதம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தாள். இந்த இரண்டு தகவல்களையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், பேஸ்மென்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நான் அவர்களை ஏமாற்றுவதில்லை. தெரிந்ததைச் சொல்வேன். அங்கே பிள்ளை எட்டு, ஒன்பது வயதில் ஊர்க் கழகத்தில் சேரவேண்டும். நன்றாக ஆடினால் மாநில அணி. மாநில அணியில் யாருடைய கண்ணிலாவது பட்டால், கான்பராவில் அரசாங்கம் நடத்தும் விளையாட்டுக் கல்விநிலையம். அதற்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, அமெரிக்கக் கல்லூரியொன்றில் புலமைப்பரிசிலோடு நான்கு வருடம் படித்து, ஆடி, அங்கிருந்து மேலே போவது. மற்றது, சொந்த ஊரில் ஒரு தொழில்முறைக் கழகத்தில் சம்பளமில்லாத பயிற்சி ஆட்டக்காரியாகச் சேர்ந்து, முன்னுக்கு நிற்கிற யாருக்காவது முழங்கால் பிசகும்வரை காத்திருப்பது. 

"அவ எந்த வழியால போனவ?" என்று கேட்பார்கள்.

"ரெண்டாவது."

"ஏன், அமெரிக்கா கிடைக்கேல்லையே?"

"கிடைச்சது. சரிவரேல்ல," என்பேன்.

பிறகு கதையை முழங்கால் பயிற்சிக்கு மாற்றிவிடுவேன். ஏன் சரிவரவில்லை என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். 

அவள் வந்தது யுத்தம் முடிந்த வருடம், தை மாதம். மெல்பேர்னில் மார்கழியோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கான்பராவுக்கு அவளை எடுக்கவில்லை. மாநில அணியிலும் பாதி நேரம் ஆடாமல் வெளியே வாங்கில்தான் இருந்தாள். ஆனால் அவள் ஆடிய வீடியோவைப் பார்த்த அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநர் ஒருவர், ஆவணியில் வா, முழுப் புலமைப்பரிசில் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து காரில் எல்லையைத் தாண்டி நான்கு மணித்தியாலம். அக்காவுக்கு அது போதும். 

"உன்ர வீட்டுக்குப் பக்கத்திலதானே," என்றா. "அதுவரைக்கும் அங்க வந்து நிண்டு குளிருக்குப் பழகட்டும்."

அக்காவும் அத்தானும் பத்து வருடமாக விடியற்காலை அவளைக் காரில் ஏற்றி மைதானம் மைதானமாகத் திரிந்தவர்கள். மற்றத் தமிழ்ப் பெற்றோர் பிள்ளையை டாக்டராக்கச் செய்கிற அவ்வளவையும் அவர்கள் பந்துக்குச் செய்தார்கள். ஊர்ச் சனம் சிரித்தது. ஆறடி ஓரங்குலப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை தேடப்போகிறாய் என்று கோயிலில் வைத்துக் கேட்டவர்களும் உண்டு. அமெரிக்கக் கடிதம் வந்தபிறகுதான் அக்கா கோயிலுக்கு நிமிர்ந்து போனா.

எங்கள் பேஸ்மென்டின் கூரையில் ஒரு குழாய் குறுக்கே போகிறது. முதல் வாரம் அவள் அதில் தலையை மூன்று தரம் இடித்தாள். என் கணவர் குழாயில் பழைய மெத்தைத் துண்டொன்றைக் கட்டினார். பிறகு அவளுக்காகக் கராஜுக்கு மேலே ஒரு கூடையும் பொருத்தினார். எங்கள் ஏணி எட்டிய உயரத்தில் பொருத்தினார். அவள் காலையில் எழும்பி வாசலில் பனியை அள்ளி ஒதுக்கிவிட்டு, விரல் வெட்டிய கையுறையோடு பந்து எறிவாள். இரண்டு கிழமை கழித்துத்தான் அளவு நாடா கேட்டாள். கூடை முறையான உயரத்துக்கு அரை அடி பதிவாக இருந்தது. சித்தப்பா மனம் நோகக்கூடாதென்று, "நான் கம்யூனிட்டி சென்டருக்குப் போறன் சித்தி, அங்க சூடா இருக்கும்," என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. பொய் சொல்லமாட்டாள், ஆனால் உண்மையை யாருடைய தலையிலும் போட்டு உடைக்கவும் மாட்டாள்.

என் வேலையையும் சொல்லவேண்டும். அஜின்கோர்ட்டில் ஒரு குடிவரவு ஆலோசனை அலுவலகத்தில் நான் படிவம் நிரப்புகிறவள். அப்போதே பதினாறு வருட அனுபவம். அகதிக் கோரிக்கை, ஸ்பொன்சர், குடியுரிமை, எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. 'உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்றிருக்கும் பக்கங்களை எத்தனையோ பேருக்கு என்னுடைய சொந்த வார்த்தைகளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு விதிதான் உண்டு: அதிகாரி கேட்காததைச் சொல்லாதே, கேட்டதற்கு எவ்வளவு குறைவாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு சொல். எங்கள் சனம் தப்பி வந்தது அப்படித்தான். அந்த விதியை நான் சமையலறையிலும் பாவித்தேன்.

அந்த மாதங்களில் எங்களுக்கெல்லாம் வேறு வாழ்க்கை இருக்கவில்லை. எனக்கும் அக்காவுக்கும் மூத்த அண்ணர் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். மாசிக்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமில்லை. வேலை முடிந்ததும் ரயிலேறி நகர மத்திக்குப் போய், அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளும் சில நாட்கள் வருவாள். பதாகையை உயரத்தில் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். தான் கண்டேயிராத பெரிய மாமாவுக்காக அவள் பயிற்சியை விட்டுவிட்டு மழையில் நின்றாள். எனக்கு அவளில் கொள்ளை ஆசை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். வருடா வருடம் சித்திரையில் மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டி வைப்பார்கள். கரப்பந்தாட்டம்தான் கழகத்தின் உயிர். இங்கே பிறந்த பிள்ளைகள் தொல்லை கொடுத்ததால் கூடைப்பந்தும் சேர்ந்திருந்தது. அந்த வருடம் போட்டி வைப்பதா விடுவதா என்று எங்கள் ஹோலில் இருந்து இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். அங்கே சனம் சாகுது, இங்கே பந்தடிக்கிறதா என்றார் ஒருவர். பந்தடிச்சால் காசு சேரும், காசு சேர்ந்தால் மருந்து போகும் என்றார் இன்னொருவர். கடைசியில் பாட்டில்லை, கேடயமில்லை, சாப்பாட்டுப் பொதி மட்டும், சேருகிற எல்லாம் வன்னிக்கு என்று முடிவானது. ஒரு சிக்கல்தான் மிஞ்சியது. நகைக்கடைக்காரர் ஒருவர் போன வருடமே மேடையில் வைத்து, அடுத்தமுறை சிறந்த ஆட்டக்காரிக்கு ஒரு தங்கப் பவுண் தருவேன் என்று அறிவித்திருந்தார். இப்போது வேண்டாம் என்றால் அவருக்கு அவமானம். ஆகவே பவுண் இருக்கட்டும் என்று விட்டார்கள்.

பெண்கள் பிரிவில் நான்கு அணி. உள்ளூர் அணியொன்றில் ஆள் குறைந்ததால் இவளை இறக்கினார்கள். எதிரணிப் பிள்ளைகள் பாவம். இரண்டாவது ஆட்டத்தில் அவள் இடது கையால் மட்டும் எறிந்தாள். அப்படியும் போதவில்லை. யாருக்குப் பவுண் என்பதில் நடுவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

மேடையில் கழகத் தலைவர் பொன்னாடை போர்த்த எம்பினார், அவள் குனிந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் பொன்னாடை ஒருதரம் கீழே விழுந்தது. நகைக்கடைக்காரர் சிவப்புப் பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுத்தார். என் கணவர் படம் எடுத்தார். அவள் மேடையை விட்டு இறங்கி, நேரே வாசலில் இருந்த சேகரிப்புப் பெட்டிக்குப் போனாள். சிவப்புப் பெட்டி துளைக்குள் போகவில்லை. பவுணை மட்டும் எடுத்து உள்ளே போட்டாள். வெறும் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று கேட்டாள். மண்டபமே கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது.

அந்தப் படத்தை என் கணவர் கழகத்தின் இணையத்தளத்தில் போட்டார். போட்டதோடு நிற்காமல், வாழ்க்கையில் முதல்தடவையாக யாருடைய உதவியுமில்லாமல் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். வருங்கால அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைக்கு எங்கள் கழகம் தங்க நாணயம் வழங்கியது என்று எழுதி, அவளுடைய முழுப்பெயரையும், கல்லூரியின் முழுப்பெயரையும் பிழையில்லாமல் போட்டிருந்தார். நான் வாசித்துவிட்டு நல்லாயிருக்கு என்றேன்.

இரண்டு கிழமையால் கல்லூரியிலிருந்து படிவம் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடுகிறவர்கள் அதற்கு முன் காசுக்கு ஆடியிருக்கக்கூடாது என்று ஒரு சட்டம் அப்போது இருந்தது. அதை உறுதிப்படுத்துகிற படிவம். பதினொரு பக்கம். அன்று பின்னேரம் நான் தூதரக வாசலில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருந்தேன். எங்களை நம்புங்கள், நாங்கள் சொல்வது உண்மை என்று அமெரிக்காவைக் கேட்டுவிட்டு வந்து, அமெரிக்கப் படிவத்தை மேசையில் விரித்தேன்.

"நான் நிரப்பித் தாறன், நீ சாப்பிடு," என்றேன். என் தொழில் அது. அவள் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

ஏழாம் பக்கத்தில் கேள்வி. ஆடியதற்காகக் காசோ, காசாக மாற்றக்கூடிய எந்தப் பொருளோ எப்போதாவது பெற்றிருக்கிறீர்களா? ஆம், இல்லை. இரண்டு கட்டம். கீழே சின்ன எழுத்தில், ஆம் என்றால் விளக்கவும் என்று மூன்று வரி இடம்.

"சித்தி, அந்த கோல்ட் கொயின்?" என்றாள்.

"உது பரிசில்லை பிள்ளை. உது மரியாதை. பொன்னாடை மாதிரி."

"ஆனா கோல்ட்தானே. விக்கலாம்தானே."

"எங்கட ஆக்கள் பிள்ளை பிறந்தாலும் பவுண் குடுப்பினம், காது குத்தினாலும் குடுப்பினம். அதைச் சம்பளம் எண்டு ஆரும் சொல்லுறேல்ல. அதோட நீ அதை வச்சிருக்கவும் இல்லை. மேடையில இருந்து பெட்டிக்குப் போற தூரம் மட்டும்தானே உன்ர கையில இருந்தது."

"அப்ப யெஸ் போட்டு, அதையே எழுதலாமே. மூண்டு லைன் இருக்கு."

அந்த மூன்று வரிதான் எனக்குப் பயம். அந்த மூன்று வரிக்குள் நியாயம் சொல்லப்போய், பிறகு வருடக்கணக்கில் விசாரணைக்கு அலைந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். "விளக்கம் குடுத்தா, அதில இருந்து இன்னும் பத்துக் கேள்வி வரும்," என்றேன். "எனக்குத் தெரியும். நான் செய்யிற வேலை." 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். படிவத்தை நிரப்ப உதவியவர் பெயர் என்றிருந்த இடத்தை வெறுமையாக விட்டேன். அதுவும் பழக்கம்தான்.

அவள் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்து வைத்தாள். வைப்பதற்கு முன் ஒருதரம் என்னைப் பார்த்தாள். நான் பேனையைக் கொடுத்தேன்.

வைகாசி நடுவில் யுத்தம் முடிந்தது. முடிந்தது என்றுதான் வானொலி சொன்னது. வேலைக்குப் போனவர்கள் வேலைக்குப் போனார்கள். கடைகளில் ஆட்கள் மரக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நின்றார்கள். அண்ணரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் மூன்று நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன்.

அந்த மூன்றாம் நாள் காலை பயிற்றுநர் ஃபோன் எடுத்தார். அவள் சமையலறை மேசையில் ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் நல்ல மனுசி. முதலில் உங்கள் குடும்பத்தாருக்கு எப்படி என்று கேட்டார். செய்தி பார்த்தேன் என்றார். பிறகு, கல்லூரியில் ஒருவர் உன் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார், ஒரு படம் அகப்பட்டது என்றார்.

அவள் ஒளிக்கவில்லை. போட்டியைச் சொன்னாள், பவுணைச் சொன்னாள், சேகரிப்புப் பெட்டியைச் சொன்னாள். பயிற்றுநர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அது ஒன்றுமில்லாத விஷயம் என்றார். வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அதன் பெறுமதியை ஏதாவது தருமத்துக்குக் கொடுக்கச் சொல்வார்கள், நீ ஏற்கெனவே கொடுத்துவிட்டாய். மிஞ்சினால் இரண்டொரு ஆட்டம் வெளியில் இருக்கவேண்டி வரும். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். 

"ஆனால் ஒன்று கேட்கவேண்டும்," என்றார் பயிற்றுநர். "படிவத்தில் நீ 'இல்லை' என்று போட்டிருக்கிறாய். கொடுத்ததை நீ மறந்திருக்க வழியில்லை. பவுண் எங்களுக்குப் பிரச்சினையில்லை, அந்தக் கட்டம்தான் பிரச்சினை. யாராவது உன்னை அப்படிப் போடச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் இப்போதே சொல். நான் கல்லூரி மேலிடத்தோடு பேசி இதைச் சரிக்கட்டலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மைதானத்தில் பந்தைத் தருவதற்கு முன், நீ தயாரா என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

ஃபோன் எனக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும். நான்தான் நிரப்பினேன், பிள்ளை மறுத்தவள் என்று சொல்ல வேண்டியதுதான். அலுவலகத்தை நினைத்தேன். படிவத்தில் பொய் எழுதுகிறவள் என்று ஒரு அமெரிக்கக் கல்லூரியிடம் என் வாயால் சொன்னால், நாளைக்கு அது எங்கே போய் முடியும் என்று நினைத்தேன். உண்மையில் இவ்வளவும் பிறகு யோசித்தவை. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: கேள்வி உன்னிடம் கேட்கப்படவில்லை, வாயைத் திறக்காதே. பதினாறு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"இல்லை," என்றாள் அவள் ஃபோனுக்கு. "நான்தான் கையெழுத்து வைத்தேன்."

சரி, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார் பயிற்றுநர். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் மிச்ச வெங்காயத்தையும் உரித்து, வெட்டி, அன்றைக்கு ஒரு கறியும் வைத்தேன். அந்தக் கிழமை எல்லாத் தமிழருக்கும் பேச்சு வராமல்தான் இருந்தது, எனக்கும் அதனால்தான் வரவில்லை என்று பிறகு எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். யுத்தத்தை இதற்குள் இழுக்க எனக்கு உரிமையில்லை. 

ஆனி முதல் கிழமை மின்னஞ்சல் வந்தது. நாணயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிழையான வாக்குமூலம் காரணமாகப் புலமைப்பரிசில் திரும்பப் பெறப்படுகிறது, அந்த இடம் இன்னொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அதே கிழமைதான் செட்டிகுளத்து முகாமிலிருந்து அண்ணருடைய பெயர் வந்தது. உயிரோடு இருக்கிறார், ஒரு காலில் காயம். மெல்பேர்னில் அக்கா ஒரே ஃபோனில் அண்ணருக்காகவும் மகளுக்காகவும் அழுதா. எதற்கு எவ்வளவு அழுதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அமெரிக்கா ஏன் இல்லையென்று போனது என்று அக்கா கேட்டா. ஏதோ சட்டச் சிக்கலாம் என்று சொன்னேன். மகளும் அவ்வளவுதான் சொல்லியிருந்தாள் போல. அக்கா மேலே கேட்கவில்லை.

கோயில்காரருக்கு இனி என்ன பதில் சொல்வது என்று அக்கா யோசித்திருப்பா. மகள் யோசித்ததாகத் தெரியவில்லை. அடுத்த நாளே மெல்பேர்னில் தெரிந்த கழகங்களுக்கெல்லாம் எழுதினாள். சம்பளம் வேண்டாம், பயிற்சிக்கு ஆள் குறைந்தால் நிற்கிறேன் என்று எழுதினாள். ஒரு கழகம் வரச் சொன்னது. அப்படி நின்று மூன்று வருடம் காத்திருந்து, அதில் ஒரு வருடம் விரல் முறிந்து சும்மா இருந்து, பழக்கடையொன்றில் வேலை செய்துகொண்டு அவள் மேலே வந்ததெல்லாம் பிந்திய கதை. பெற்றோர் ஃபோன் எடுக்கும்போது அந்தப் பகுதியை நான் நன்றாகச் சொல்வேன். விடாமுயற்சி என்ற சொல்லைக்கூடப் பாவிப்பேன். நாலு வருடப் படிப்பும் ஆட்டமும் அவளுக்குக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனது ஒரு கட்டத்தால் என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

அவள் புறப்படுவதற்கு முதல் நாள் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனேன். உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பொன்னாடையையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். நான் படியில் இருந்தேன். ஒரு மாதமாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பிள்ளை, நான் அந்தக் கோச்சுக்கு ஒரு கடிதம் எழுதப்போறன். நான்தான் நிரப்பினது, நீ வேண்டாம் எண்டு சொன்னனீ எண்டு எல்லாத்தையும் எழுதுறன். இடம் குடுத்தாச்செண்டாலும் உன்ர பேராவது சுத்தமாகும்."

அவள் ஒரு காற்சட்டையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அந்த மனுசி கேக்கேக்க," என்றாள், "நீங்க பக்கத்திலதானே இருந்தனீங்கள், சித்தி."

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"ஓம்," என்றேன். "இருந்தனான்."